காது வைத்த காசு

என் வீட்டுக்காரருக்கு என்னோடு சேர்த்து நான்கு பேர் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். மற்ற மூன்று பேரும் தங்கம். மூன்று பேருக்கும் வயது இருநூறுக்கு மேல். அவர்கள் படுத்துக்கொள்ள மெத்தென்ற துணியில் பை தைத்துக் கொடுத்தவளும் நான்தான். சக்களத்திக்குப் பாய் விரித்துக் கொடுத்த பெண்டாட்டி பதுளையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் தெருவில் ஒரே அறைக் கடை. முன்பக்கம் அவருடைய கண்ணாடிப் பெட்டியும் நாற்காலியும், நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் என் தையல் மெஷின். நான் ரவிக்கை தைக்கிறேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தத் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத்தான் எங்கள் குடும்பம் ஓடியிருக்கிறது. நான் அளவெடுக்கும்போது பெண்கள் பேசுவது அத்தனையும் அவர் காதில் விழும். விழாதது மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஐரோப்பாக்காரர்களின் பழைய தங்கக் காசுமேல், அதுவும் ஆயிரத்து எழுநூறுகளில் அடித்த காசுமேல், இந்த மனிதருக்கு எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் பழைய பாக்கெட் கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார். அதன் சங்கிலியில் ஒரு காசு தொங்கியது. இவர் கடிகாரத்துக்கு வைத்திருக்கும், பெரிதாக்கிக் காட்டும் கண்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் காசைப் பார்த்தார். அவ்வளவுதான். அன்றைக்குப் போன மனசு திரும்பி வரவேயில்லை. மற்ற ஆம்பிளைகள் காணி வாங்கினார்கள், வேன் வாங்கினார்கள். இவர் பாதி வாழ்நாளைச் செலவழித்து மூன்று காசு வாங்கினார்.

முதலாவது இங்கிலாந்து ராஜாவின் அரைக் கினி. அதில் யாரோ ஆணியால் ஓட்டை போட்டிருக்கிறார்கள். இரண்டாவது பிரான்ஸ் தேசத்து லூயி. அதன் தலையில் ஒரு காலத்தில் வளையம் இருந்து, பிறகு அரத்தால் ராவி எடுத்த தழும்பு இருக்கிறது. மூன்றாவது ஒல்லாந்தர் காசு, டச்சுக்காரர்கள் அடித்தது. இரும்புச் சட்டை போட்ட ஒரு போர்வீரன் நிற்பான். தோளில் வாள், மற்றக் கையில் ஒரு கட்டு அம்பு. மறுபக்கத்தில் படமே கிடையாது, ஒரு சதுரத்துக்குள் எழுத்து மட்டும். அந்தக் காசில் ஓட்டையும் இல்லை, தழும்பும் இல்லை. நேற்று அடித்தது மாதிரி இருக்கும். நான்கு பேரிலும் மூத்தவள் நானில்லை, அவள்தான்.

எங்கள் மலைநாட்டுப் பக்கம் பழைய தங்கக் காசு அப்படி முழுசாகக் கிடைக்காது. காசு என்றால் அது கழுத்துக்குப் போக வேண்டும். தாலிக்கொடியில் கோர்ப்பதற்காகக் காசின் தலையில் சின்ன வளையத்தை வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். காது வைப்பது என்பார்கள். காசு சேர்ப்பவர்களுக்கு அது பிடிக்காது. கீறாமல், துளைக்காமல், நெருப்புப் படாமல் இருக்க வேண்டுமாம். "காது வச்சா காசு செத்துப்போச்சு" என்பது இவருடைய வேதவாக்கு. கடைத்தெருவில் இருக்கும் ஆசாரியிடம் இதைச் சொல்லிச் சண்டை போடாத வருஷம் கிடையாது. அந்த ஆசாரியும் பொறுமைசாலி. ஐயா, பொம்பிளைக்குக் காது குத்தினா அழகு, காசுக்குக் குத்தினா சாவா என்று கேட்டுவிட்டு ஊதுகுழலை எடுத்துக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தப்பைக் கண்டால் இவருக்கு வாய் நிற்காது. பேப்பரில் வருஷம் பிழையாக இருந்தால் பேனாவால் திருத்துவார். கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தில் ஒரு ராஜாவின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார் என்று பூசை முடியும்வரை காத்திருந்து போய்ச் சொன்னவர். நான் கலியாணப் புடவைக்கு வாங்கியது பச்சை என்று சொன்னால் பச்சையில்லை, மயில்கழுத்து என்பார். வாங்கியவள் நான், கட்டியவள் நான், நிறம் அவருக்குத்தான் தெரியும்.

லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் தொழிற்சாலைச் சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கொழுந்து அரைக்கிற ரோதை மெஷினில் வேலை செய்பவர். கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல், அதைப் பிரிப்பதை வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பல்சக்கரத்தைப் பார்த்ததும் இதுவும் எங்க ரோதை மாதிரித்தானே அண்ணே என்றார். என் வீட்டுக்காரருக்கு அது போதும். இரும்பைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டார். அன்றிலிருந்து இவர் அண்ணன், அவர் தம்பி.

அந்தத் தம்பி ரோதையைப் பற்றிப் பேசினால் கட்டாயம் ரோதமுனியைப் பற்றியும் பேசுவார். மெஷினுக்குக் காவல் சாமி. தொழிற்சாலை மூலையில் கையில் கத்தியோடு நிற்பாராம். காலையில் அவரைக் கும்பிடாமல் யாரும் ரோதையை ஓடவிட மாட்டார்கள். ஒருமுறை தன்னுடைய சட்டைக் கை மாட்டி உள்ளே இழுத்தபோது பெல்ட் தானாக அறுந்து விழுந்ததாம். முனி அறுத்துவிட்டார் என்பார். பழைய பெல்ட்டாக இருந்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் திருத்துவார். தம்பி கோபப்பட மாட்டார். பழைய பெல்ட்டுதான் அண்ணே, ஆனா அன்னைக்குன்னு அறுந்துச்சே என்பார்.

தம்பியின் சம்சாரம் கொழுந்து பறிப்பவர். தீபாவளிக்கு ரவிக்கை தைக்க என்னிடம் வந்தார். கடைக்குள் நுழைந்து, கண்ணாடிப் பெட்டிக்கு மேலே குனிந்து உள்ளே இருந்த கடிகாரங்களைப் பார்த்தபோது, அவருடைய தாலிக்கொடி வெளியே சரிந்தது. அதில் ஒரு காசு. காசின் பின்பக்கத்தைத் தங்கத் தகடு போட்டு அடைத்து, விளிம்பையும் மடித்து, தலையில் காது வைத்திருந்தது. முன்பக்கத்தில் முட்டை வடிவ வளையத்துக்குள் ஒரு உருவம், சுற்றிலும் சின்னச் சின்ன நட்சத்திரம். என் வீட்டுக்காரர் கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியோடு அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

இது எங்க மாரியாத்தா காசு, என்றார் அந்தப் பெண் பெருமையாக. சுற்றி இருப்பது ஆத்தாளின் முத்துகள். அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் யாருக்காவது அம்மை போட்டால் இந்தக் காசை முக்கியெடுத்த தண்ணீரைத்தான் வேப்பிலையோடு தலையில் தெளிப்பார்களாம்.

நம் ஆள் சும்மா இருப்பாரா?

"தங்கச்சி, அது மாரியாத்தா இல்ல. ஏசுநாதர். வெனிஸ்னு ஒரு ஊரு, அந்த ஊருக் காசு."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போனது. காசைச் சேலைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டு, அளவு கொடுக்காமலே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசினேன். அந்தம்மா கழுத்தில் இருப்பதில் ஏசுவுக்கே ஒரு வருத்தமும் இல்லை, உங்களுக்கென்ன வந்தது என்று கேட்டேன். அப்போதும் அவர், நான் சொன்னது சரிதானே என்றார். சரிதான். சரியாகச் சொல்லி ஒரு வாடிக்கையையும் ஒரு தங்கச்சியையும் விரட்டியாகிவிட்டது.

கிறிஸ்மஸ் பலகாரத்தை எடுத்துக்கொண்டு நானே அவரை இழுத்துப் போனேன். லயத்து வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, தப்பு என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. அவருக்கு அது வராது. கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தார், அதுவே பெரிய விஷயம். அந்தப் பெண்ணும் நல்ல பெண். ரெண்டாவது கோப்பையை ஊற்றும்போது, தானாகவே காசைப் பற்றிச் சொன்னார். அது மாமியாரின் தாலியில் இருந்ததாம். அந்த அம்மா சாகும் முன்னால் மருமகள் கழுத்துக்கு மாற்றியபோது, பின்பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, அதன்மேல் தகட்டை அடைக்கச் சொன்னாராம். என் மகன் உயிரோடு இருக்கும்வரை இதைத் திறக்கக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாராம்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் இவர் எனக்கு விளக்கினார். ஏசு இருக்கும் பக்கம் எல்லா வெனிஸ் காசிலும் ஒரே மாதிரித்தானாம். அந்தக் காலத்தில் இந்தியாவிலேயே அதைப் பார்த்துப் போலியும் அடித்தார்களாம். அடித்தவன் யார், எந்தக் காலம், அசலா நகலா என்பதெல்லாம் மறுபக்கத்தில் இருக்கும் பெயரை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்தப் பக்கம்தான் தகட்டுக்குள் இருக்கிறது. காற்றும் படாமல், வியர்வையும் படாமல், அடைத்த அன்று இருந்த மாதிரியே இருக்கும் என்றார். சொல்லும்போது பொங்கல் பானையைப் பார்க்கும் பிள்ளை மாதிரி அவர் முகம் இருந்தது. பிறகு அந்த முகம் மெதுவாக மாறியது. அதைத் திறக்க வேண்டும் என்றால் என்ன நடக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பசறை வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். தம்பியின் உடம்பைப் பற்றி இவருக்கு வந்த அக்கறை அவர் பெண்டாட்டிக்குக்கூட இருந்ததில்லை. பீடியை விடு என்று நச்சரித்தார். கருவாட்டைக் குறை என்றார். பிரஷர் குளிசை முடிந்துவிட்டதா என்று போன் போட்டுக் கேட்பார். மழை நாளில் தம்பி மோட்டார் சைக்கிளில் ஏறினால் இவர் இங்கே வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார். அந்தக் காசைப் பார்க்க ஆசைப்பட்டதற்குப் பரிகாரமாக, அந்த மனிதனைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது என்று தனக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தார் போல. தங்கச்சி கடைக்கு வந்தால் முகத்துக்குக் கீழே பார்க்கவே மாட்டார். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு, வாங்க தங்கச்சி, அண்ணி உள்ளே இருக்கா என்பார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் ஓடியது. இரண்டு குடும்பமும் பொங்கலுக்கும் கிறிஸ்மஸுக்கும் ஒரே சட்டியில் சாப்பிடுகிற குடும்பங்களாகிவிட்டன.

போன மழைக்கு அந்தத் தம்பி படுத்துவிட்டார். பென்ஷன் வாங்கிய பிறகு ஆற்றோரமாகக் கொஞ்சம் மரக்கறி போட்டிருந்தார். சேற்றில் நின்று நின்று எலிக்காய்ச்சல் வந்து, சிறுநீரகம் வேலை செய்யாமல் போய்விட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண்ணும் உடம்பும் மஞ்சளாகி, ஆளே பாதியாகிக் கிடந்தார். என் வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரியே கதி என்று ஆனார். நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன், இவர் கொண்டுபோவார். தங்கச்சி எங்கள் வீட்டில்தான் தங்கினார். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அந்தப் பெண்ணின் கை கழுத்தில் இருந்த காசைப் பிடித்தபடியே இருந்தது. அதை நான் பார்த்தேன். இவரும் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொழும்பில் பழைய காசு வாங்கி விற்கிற ஒருவர் இருக்கிறார். எப்போதோ வாய் தவறி இந்த வெனிஸ் காசைப் பற்றி இவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் சரியாக அந்த நேரத்தில் போன் போட்டார். நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் இவருடைய குரல், ஆமாம், கூட்டாளிக்குச் சுகமில்லை, டாக்டர்மார் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு போனைப் பெட்டிமேல் வைத்த சத்தம். நான் திரையை விலக்கிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆள் போய்விட்டால் அந்தக் காசு வெளியே வருமே, முதலில் எனக்குச் சொல்லு என்றானாம் அந்தப் புண்ணியவான்.

நான் அந்தக் கொழும்புக்காரனின் ஏழு தலைமுறையையும் வைது முடித்தேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்கிற ஜாதி. நான் வைவது இவர் காதில் ஏறவேயில்லை. அன்றைக்கு மத்தியானம் சோறு வேண்டாம் என்றார். மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரமாகியும் எழும்பவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவன் கேட்டான்னு கோபம் இல்ல புள்ள. அவன் கேக்கிறதுக்கு முன்னாடியே எம் மனசுல அது ஒருக்கா வந்துட்டுப் போயிருச்சு. ஆஸ்பத்திரி வாட்டுல அவன் கையப் புடிச்சுக்கிட்டு இருக்கையில. எனக்கே என்மேல பயமா இருக்கு."

கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தன்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடிகாரத்தைத் திறந்து காட்டுவது மாதிரி நெஞ்சைத் திறந்து காட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் பொங்கி வந்த பாசத்தை எப்படிச் சொல்வது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துட்டுப் போயிருச்சுல்ல? தங்கலையே? தெருவுல போறவன் எல்லாம் வாசலப் பாத்துட்டுத்தான் போவான். எந்திரிங்க, கஞ்சி ஆறுது."

எழுந்து முகம் கழுவிக்கொண்டு போனார். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் தம்பியின் கட்டிலைவிட்டு நகரவில்லை. காலையில் கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார். கால் பிடித்துவிட்டார், மலச்சட்டி வைத்து எடுத்தார். சொந்தத் தம்பிக்கு இப்படிச் செய்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தம்பி பிழைத்துக்கொண்டார். முதலில் மூத்திரம் போனது. ஒரு மனிதன் மூத்திரம் போனதற்கு நான்கு பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டிப்பிடித்து அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், அந்த நான்கு பேரில் நானும் ஒருத்தி. பிறகு மஞ்சள் இறங்கியது. பிறகு எங்கள் கஞ்சியைக் குறை சொல்ல ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகிற அன்று தங்கச்சி என்னிடம் ஒன்றைச் சொன்னார். வாட்டு வாசலில் நின்று தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாராம். என் புருஷனைத் திருப்பிக் கொடு ஆத்தா, என் தாலிக் காசை உனக்கே கொடுத்துவிடுகிறேன் என்று. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் காசை உண்டியலில் போட்டுவிட்டு, புது மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக்கொள்ளப் போகிறாராம். அண்ணனும் அண்ணியும் கட்டாயம் வர வேண்டும் என்றார்.

நான் இதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். உண்டியலில் போன நகையைத் தோட்டத்தில் அம்மனுக்குப் பொட்டுத் தாலி செய்ய உருக்கிவிடுவார்கள். இருபது வருஷமாகத் தகட்டுக்குள் மூடிக் கிடந்தது, இனி நெருப்புக்குள் போகப்போகிறது. யார் கண்ணிலும் படாமலே போகப்போகிறது. சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நல்லது, நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடக் கூடாது என்றார். பொய் சொல்லக்கூடாது, கொஞ்ச நேரம் ஒல்லாந்தர் காசை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

ஆடி வெள்ளிக்கு இரண்டு பேரும் போனோம். கோயில் வாசலில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. தம்பி மெலிந்து போய், வேட்டி இடுப்பில் நிற்காமல், சிரித்துக்கொண்டு நின்றார். தங்கச்சி கொடியிலிருந்து காசைக் கழற்றி வெற்றிலைமேல் வைத்தார். உண்டியலுக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்காரரிடம் வந்தார்.

"அண்ணே, இத்தன வருசமா நீங்க எங்கழுத்தப் பாக்காம தலையக் குனிஞ்சுக்கிட்டுப் பேசுனது எனக்குத் தெரியாதா? ஆத்தாகிட்ட நான் கேட்டுக்கிட்டேன். தகட்டப் பிரிச்சுப் பாத்துட்டுக் குடுங்க. நான் மனசாரத்தான் சொல்றேன்."

தம்பியும் பாருங்கண்ணே என்றார். என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் கண்கண்ணாடி இருந்தது, அது இல்லாமல் அவர் எங்கேயும் போவதில்லை. வெற்றிலையைக் கையில் வாங்கினார். நகத்தால் நெம்பினாலே போதும், தகடு தேய்ந்து மெல்லிசாகத்தான் இருந்தது. பாருங்கள், பார்த்துவிடுங்கள் என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. அவருக்காக எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"வேணாம் தங்கச்சி. இவன் இருக்கையில இதத் திறக்கக்கூடாது. ஒங்க மாமியார் சொன்னது சொன்னதுதான். மூடினபடியே போடு. நான் பாக்க வேண்டியது எல்லாம் பாத்துட்டேன்."

சொல்லும்போது தம்பியைத்தான் பார்த்தார். வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தார். காசு உண்டியலுக்குள் விழுந்த சத்தம் மேளத்தில் எங்களுக்குக் கேட்கவேயில்லை. தம்பி மஞ்சள் கயிற்றைக் கட்டினார். இத்தனை வருஷம் தங்கம் தொங்கிய இடத்தில் ஒரு மஞ்சள் துண்டு மட்டும் தொங்கியது. தங்கச்சியின் கை பழக்கதோஷத்தில் காசைத் தேடிப் போய், இல்லாததைத் தடவிவிட்டுத் திரும்பியது. கூழ் குடிக்கும்போதும் இரண்டு மூன்று தரம் அப்படிப் போய் வந்தது.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். பதுளையில் இறங்கியதும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடையைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு, வா என்றார். நேராக ஆசாரி கடைக்குப் போனார். நான் தைத்த பையை அவிழ்த்து ஒல்லாந்தர் காசை எடுத்து ஆசாரியின் முன்னால் வைத்தார். காது வைக்கச் சொன்னார்.

ஆசாரி காசைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெயிலில் ஏதும் அலைந்தீர்களா என்று கேட்காததுதான் குறை.

"ஐயா, நெசமாத்தான் சொல்றீங்களா? காது வச்சா காசு செத்துப்போச்சுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"அது பெட்டிக்குள்ள கெடக்கிற காசுக்கு. வையுங்க ஆசாரி."

ஆசாரி ஊதுகுழலை எடுத்ததும் இவர் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிள்ளைக்கு ஊசி போடும்போது தகப்பன்மார் திரும்பிக்கொள்வார்களே, அப்படி. நான் திரும்பவில்லை. நீல நெருப்பு அந்தப் போர்வீரனின் தலைக்கு மேலே நின்றதையும், தங்கம் ஒரு நொடி கலங்கிப் பிறகு தெளிந்ததையும் முழுக்கப் பார்த்தேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சக்களத்தி என்று எத்தனை தரம் வைதிருப்பேன். அன்றைக்கு மகளைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு, தட்டில் சேலை, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்து, நடுவில் காசை வைத்துக் கொண்டுபோனோம். அது எந்தக் காசு என்பது தங்கச்சிக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். இரண்டு பேரும் வாங்கவே மாட்டோம் என்று நின்றார்கள். இவர் தட்டை நீட்டியபடியே நின்றார். நான்தான் சொன்னேன், இது அண்ணன் சீர், சீரைத் திருப்பினால் அண்ணன் தங்கச்சி உறவு இல்லை என்றாகிவிடும் என்று. அதற்கு மேல் அந்தப் பெண் என்ன பேசுவார். தம்பி தன் கையாலேயே காசைக் கயிற்றில் கோர்த்து முடிச்சுப் போட்டார். ரோதையில் வேலை செய்த கை, முடிச்சு இறுகித்தான் இருந்தது.

இப்போது தீபாவளி வருகிறது, ரவிக்கை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இன்று காலையில் தங்கச்சி துணியோடு வந்தார். வாங்க தங்கச்சி, அண்ணி உள்ளே இருக்கா என்றார் இவர். இந்தத் தரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லவில்லை. நான் திரையை இழுத்துவிட்டு, கழுத்து அளவுக்கு டேப்பைப் போட்டேன். காசு வெளியே வந்து விழுந்தது. தங்கச்சி அதை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அண்ணி, இதுல நிக்கிறது யாருன்னு பாத்தீங்களா? எங்க ரோதமுனி. தோள்ல கத்தி, கையில அம்பு, அப்படியே அவருதான். அன்னைக்கு ரோதையில இவரக் காப்பாத்துனவரு, இப்ப எங்கழுத்துக்கே வந்துட்டாரு."

நான் டேப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் கிடுக்கியின் சத்தம் நின்றுவிட்டது. அந்தக் காசை எந்த ஊரில் அடித்தார்கள், எந்த வருஷம் அடித்தார்கள், அதில் எழுதியிருப்பது என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஃபாதரையே திருத்தியவர். ஐயோ, இப்போது வாயைத் திறக்கப்போகிறாரே என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"ஆமா தங்கச்சி," என்றார். "அவரேதான்."